பிரம்பும் பிரசங்கமும் போதுமா?



ஒரு மாணவன் பள்ளிக் கழிப்பறைக்குப் பின்னால் மின்சிகரெட்டு ஊதும்போது பிடிபடுகிறான். அடுத்து என்னென்ன நடக்கும் என்பது நம் எல்லோருக்கும் மனப்பாடம். காலைச் சபைகூடலில் அவன் கொடிக்கம்பத்தருகே நிறுத்தப்படுவான். கட்டொழுங்கு ஆசிரியர் ஒலிபெருக்கியில் அவன் குடும்பத்து மானம் வரைக்கும் இழுத்துப் பேசுவார். பிரம்படி விழும். தாய் வருவார், அழுவார். தந்தை வரமாட்டார். பையன் சில நாள்கள் பள்ளியிலிருந்து விலக்கி வைக்கப்படுவான். அடுத்த மாதம் போதைப்பொருள் ஒழிப்பு நாள் என்று விழா எடுப்போம், பதாகை கட்டுவோம், ஒருவர் வந்து ஒரு மணி நேரம் முழங்குவார், படம் பிடித்து மேலிடத்துக்கு அனுப்புவோம். கோப்பில் ஒரு தாள் கூடும். அந்தப் பையன் ஊதுவதை நிறுத்தியிருக்கமாட்டான். ஊதும் இடத்தை மாற்றியிருப்பான். அவ்வளவே.

இதனைக் கல்வி என்று அழைக்க என் நா கூசுகிறது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இத்தொழிலில் இருக்கிறேன். மேலே சொன்ன சடங்கைப் பலமுறை நானே முன்னின்று நடத்தியிருக்கிறேன். ஆகவே, ‘ஊரார் குறையைச் சொல்ல வந்துவிட்டான்’ என்று எவரும் என்னை ஒதுக்கவேண்டா. என் குறையையும் சேர்த்தே சொல்லுகிறேன். போதையில் வீழும் சிறுவனை அடித்தும் அறிவுரை கூறியும் மீட்டுவிடலாம் என்பது நம் பள்ளிகளில் ஊறிப்போன ஒரு மூடநம்பிக்கை. அந்த நம்பிக்கையால் இதுவரை பயன் கண்டவர் நாமே. நம் பொறுப்பு தீர்ந்தது என்று கைகழுவ அது நமக்கு உதவியிருக்கிறது. சிறுவனுக்கு அது உதவியதாக நான் கண்டதில்லை.

கள்ளுக்கடையும் பள்ளிக்கூடமும்

நான் பிறந்தது சுங்கை சிப்புட் வட்டாரத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில். லயத்து வீடுகளின் ஒரு முனையில் மாரியம்மன் கோயில், மறுமுனையில் கள்ளுக்கடை, இரண்டுக்கும் இடையே பள்ளிக்கூடம். எழுபதுகளில் நான் சிறுவன். சம்பள நாள் மாலையில் அப்பாவைத் தேடிவர அம்மா என்னைத்தான் அனுப்புவார். கடைவாசலில் நின்று, “அப்பா, அம்மா கூப்பிடுறாங்க” என்பேன். “இரு தம்பி, வர்றாரு” என்று சொல்லி, மிச்சமிருந்த அரைக்குவளையை என்னிடம் நீட்டிய மாமாமார் பலர். “குடிடா, ஒடம்புச் சூடு தணியும்” என்பார்கள். அவர்கள் கெட்டவர்கள் அல்லர். விடியுமுன் எழுந்து பால்மரம் சீவி, பால்வாளி சுமந்து, மழை வந்தால் அன்றைய கூலியை இழந்து நின்ற மனிதர்கள். தங்களுக்குக் கிடைத்த ஒரே இன்பத்தில் அன்போடு எனக்கும் ஒரு பங்கு தந்தார்கள். பத்து வயதுப் பையனுக்குப் போதை அறிமுகமாகும் வழி பெரும்பாலும் இதுதான். முகமூடி அணிந்த கொள்ளையன் வந்து கொடுப்பதில்லை. உறவுக்காரர் சிரித்துக்கொண்டே கொடுக்கிறார்.

பள்ளியும் கள்ளுக்கடையும் ஒரே தோட்டத்தில் அமைந்தது தற்செயலன்று. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருக்கும் தோட்டத்தில் நிருவாகம் பள்ளி நடத்தவேண்டும் என்றது. பல தோட்டங்களில் அந்தப் பள்ளி ஓர் ஒழுகும் கொட்டகை. ஆசிரியர் ஒரு கங்காணியோ கிராணியோ. கள்ளுக்கடையோ உரிமம் பெற்று ஒழுங்காக நடந்தது. அதனால் அரசுக்கு வரி வந்தது. தோட்டத்துக்கு வேறோர் இலாபமும் இருந்தது. வாங்கிய கூலியைத் தொழிலாளி தோட்டத்திலேயே கரைத்துவிட்டால், ஊர் திரும்பவும் வேறு வேலை தேடவும் அவன் கையில் காசு சேராது. கொட்டகைப் பள்ளியை விடக் கள்ளுக்கடை அக்கறையாக நடத்தப்பட்டதன் காரணம் இதுவே.

நம் முன்னோர் இதை அறியாதவர்களா? அறிந்திருந்தார்கள், எதிர்த்தும் நின்றார்கள். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் ஆர். எச். நாதன் போன்றோர் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் வைத்த கோரிக்கைகளைப் பாருங்கள். கூலி உயர்வோடு, பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும் என்றார்கள். கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்றார்கள். துரையைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்கமாட்டோம் என்றார்கள். கல்வி, மதுவிலக்கு, மானம் ஆகிய மூன்றும் ஒரே தாளில் இருந்தன. அதற்குப் பரிசாக வந்தது துப்பாக்கிச் சூடு; நாதன் நாடு கடத்தப்பட்டார். போர் முடிந்த பின்னர்க் கெடாவில் ஏ. எம். சாமி திரட்டிய தொண்டர் படை, 1947இன் தொடக்கத்தில் பீடோங் வட்டாரத்தில் கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்தது. காவலர் கைகலப்பில் உயிரிழப்பும் நேர்ந்தது. படிக்காத மக்கள், அன்றாடக் கூலிகள், தம் பிள்ளைகளுக்காக அடிபட்டார்கள்.

ஆகவே, ‘தமிழன் குடிப்பான், அது அவன் இரத்தத்திலேயே ஊறியது’ என்று ஆசிரியர் அறையில் தேநீர் அருந்திக்கொண்டு சொல்லும் நண்பரிடம் ஒன்று கேட்கிறேன். ஐயா, இரத்தத்தில் ஊறியதை எதிர்த்தா அந்த மக்கள் இரத்தம் சிந்தினார்கள்? குடி நம் இயல்பு அன்று. நம்மீது திணிக்கப்பட்ட ஓர் ஏற்பாடு. ஏற்பாடாக வந்ததை ஏற்பாட்டினாலேயே மாற்றவும் முடியும். இதனை மறந்த ஆசிரியன், வகுப்பில் கால் வைக்குமுன்பே பாதி மாணவர்களைக் கைவிட்டவன் ஆகிறான்.

தோட்டம் போனது, தாகம் போகவில்லை

கள்ளுக்குப் பின் சம்சு வந்தது. சின்னச் சின்னப் புட்டிகளில், மளிகைக் கடையில் உப்புப் புளியோடு அடுக்கி விற்கப்பட்ட அந்த மலிவுச் சாராயம் எத்தனை வீடுகளை அழித்தது என்பதைத் தோட்டத்தில் வளர்ந்த எவரும் அறிவர். பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் அதனை எதிர்த்துப் பல்லாண்டுகளாகக் குரல் கொடுத்தது. மலிவுச் சாராயம் என்ன செய்யும் என்பதற்கு 2018 செப்டம்பர் ஒரு சான்று. மெத்தனால் கலந்த மதுவை அருந்திக் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் சுற்றுப்புறங்களிலும் முப்பதுக்கும் மேற்பட்டோர் மடிந்தார்கள்.

இதற்கிடையில் தோட்டங்கள் கைமாறின. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது; செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. பல்லாயிரம் குடும்பங்கள் ஈப்போவின் ஓரங்களிலும் சிறு கம்பங்களிலும் மலிவு விலை அடுக்குமாடிகளில் குடியேறின. கள்ளுக்கடையை விட்டு வந்தோமே என்று மகிழ்ந்தவர்கள் வேறொன்றையும் விட்டு வந்ததை உணரவில்லை. லயத்தில் ஒரு பையன் பீடி பிடித்தால் மாலைக்குள் பத்து அத்தைமார் அவன் தாயிடம் சொல்லிவிடுவார்கள். அடுக்குமாடியில் நான்காம் மாடிக்காரர் பிள்ளையை ஐந்தாம் மாடிக்காரர் அறியார். தாய் தொழிற்சாலையில் இரவு முறை வேலை. தந்தை லாரியில் நெடுந்தூரம். பள்ளி விட்டதிலிருந்து இரவு வரை பையனைக் கேட்பாரில்லை. பழைய கட்டுப்பாடு கலைந்துபோயிற்று; புதிய கட்டுப்பாடு எதனையும் நாம் கட்டி எழுப்பவில்லை. அந்த வெற்றிடத்தில்தான் பசை டின்னும், கெத்தும் நீரும், மாத்திரையும், இன்று மின்சிகரெட்டும் குடிபுகுந்தன.

நிலைமையின் அளவைச் சில எண்கள் காட்டும். சுகாதார அமைச்சு நடத்திய 2022ஆம் ஆண்டுத் தேசிய ஆய்வின்படி, 13 முதல் 17 வயதுக்கு உட்பட்ட மாணவர்களில் 14.9 விழுக்காட்டினர் மின்சிகரெட்டு பிடித்தனர். 2017இல் இது 9.8 விழுக்காடு. அதே ஐந்தாண்டில் சாதாரண சிகரெட்டு பிடிப்போர் 13.8 விழுக்காட்டிலிருந்து 6.2 விழுக்காட்டுக்குக் குறைந்தனர். நாம் ஒரு கதவை மூடிவிட்டு மகிழ்ந்திருக்க, அவர்கள் மறு கதவு வழியே போய்விட்டார்கள். பெரியவர்களும் அதற்கு வழிவிட்டார்கள். 2023 மார்ச்சு இறுதியில் நிகோட்டின் திரவம் நச்சுப்பொருள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. பதினெட்டு வயதுக்குட்பட்டோருக்கு விற்பதைத் தடுக்கும் சட்டம் நடைமுறைக்கு வந்ததோ 2024 அக்டோபர் முதல் நாள். இடைப்பட்ட ஒன்றரை ஆண்டு சந்தைக்குத் திறந்த வாசல். பழச்சுவையும் பளபளப்பும் கூட்டிப் பேனா வடிவில் விற்ற வணிகனுக்கு எந்தச் சபைகூடலில் பிரம்படி கிடைத்தது? அந்தத் திரவத்தில் செயற்கைப் போதை கலந்து விற்பவர்களையும் காவல்துறை பலமுறை பிடித்திருக்கிறது. வாங்கும் சிறுவனுக்குத் தான் இழுப்பது இன்னதென்றே தெரியாது.

பசையைப் பற்றியும் ஒரு சொல். அது போதைப்பொருள் அன்று, கடையில் விற்கும் பண்டம்தானே என்று அலட்சியம் செய்வோர் உண்டு. அதிலுள்ள தொலுவீன் என்னும் ஆவி மூளை நரம்பைத் தாக்குவது. இதயத் துடிப்பைத் தாறுமாறாக்கி, முதல்முறை முகர்ந்தவனையே வீழ்த்திவிடவும் வல்லது. முகர்ந்துகொண்டிருக்கும் பிள்ளையைத் திடீரென்று அதட்டித் துரத்திப் பிடிக்கக்கூடாது என்று மருத்துவர் எச்சரிப்பதும் இதனாலேயே. அந்த அச்சமும் ஓட்டமும்கூட அவன் இதயத்தை நிறுத்திவிடலாம். பிரம்பை ஓங்கிக்கொண்டு ஓடும் நம்மில் எத்தனை பேர் இதனை அறிவோம்?

மூன்று வாதங்கள்

நம் ஆசிரியர் கூட்டங்களில் திரும்பத் திரும்பக் கேட்கும் வாதங்கள் மூன்று.

முதலாவது, ‘கெட்ட சகவாசமும் சினிமாவுமே காரணம்’ என்பது. சகவாசத்துக்குப் பங்குண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஒரே தெருவில், ஒரே படத்தைப் பார்த்து, ஒரே கூட்டத்தோடு திரியும் ஐந்து பேரில் இருவர் மட்டும் ஏன் அடிமையாகிறார்கள்? 1998இல் அமெரிக்காவில் ஃபெலிட்டி, அண்டா என்னும் இரு மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு விடை தருகிறது. பெரியவர்கள் பல்லாயிரம் பேரிடம் அவர்களின் குழந்தைப் பருவத்தைப் பற்றிக் கேட்டார்கள். அடி, வசை, வீட்டில் குடிகாரர், தாய் அடிபடுவதைக் காணுதல் முதலிய துன்பங்களில் நான்கோ அதற்கு மேலோ பட்டவர்கள் மதுவுக்கும் போதைக்கும் ஆளாகும் வாய்ப்பு, எதுவும் படாதவர்களை விட நான்கு மடங்கு முதல் பன்னிரு மடங்கு வரை மிகுந்திருந்தது. குடும்பத்தில் வன்முறை, மிக இளம் வயதில் முதல் அறிமுகம், படிப்பில் தொடர்ந்த தோல்வி, பள்ளியோடு ஒட்டாமை, எளிதில் கிடைக்கும் பொருள் ஆகியவை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படும்போதுதான் பையன் சாய்கிறான். இவற்றுள் பள்ளியோடு ஒட்டாமை என்பது யார் கையில் இருக்கிறது? நம் கையில்.

இரண்டாவது, ‘ஒரு துளி நஞ்சு குடம் பாலையும் கெடுக்கும், மற்ற மாணவர்களைக் காக்க இவனை விலக்கத்தான் வேண்டும்’ என்பது. இவ்வாதத்தை நான் எளிதில் தள்ளமாட்டேன். முந்நூறு பிள்ளைகளுக்குப் பொறுப்பேற்றவனுக்கு அந்த அச்சம் நியாயமானதே. பள்ளிக்குள் போதைப்பொருளை விற்பவன் எவனாயினும் அது காவல்துறைக்குரிய செய்தி. அங்கே இரக்கம் காட்டச் சொல்லவில்லை. ஆனால் விற்பவன் வேறு, வீழ்ந்தவன் வேறு. வீழ்ந்த பன்னிரண்டு வயதுப் பையனைப் பள்ளிவாசலுக்கு வெளியே தள்ளினால் அவன் மறைந்துபோவதில்லை. வாசலுக்கு எதிரே பேருந்து நிறுத்தத்தில் நிற்பான். அங்கே அவனுக்கு வேலை கொடுக்க ஒருவன் காத்திருக்கிறான். ஈராண்டில் அவனே நம் பிள்ளைகளுக்கு விற்க வருவான். துளி நஞ்சைக் குடத்திலிருந்து எடுத்தோம் என்று நினைத்தோம், கிணற்றில் ஊற்றிவிட்டோம்.

மூன்றாவது, ‘எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை’ என்பது. இப்படிச் சொல்வோர் துணைக்கு வள்ளுவரையும் அழைப்பார்கள். கள்ளுண்ணாமை அதிகாரத்தில், குடித்திருப்பவனிடம் காரணம் காட்டித் தெளிவிக்க முயல்வது நீரில் மூழ்கியவனைத் தீப்பந்தம் கொண்டு தேடுவது போன்றது என்ற கருத்து வருகிறதல்லவா? அதனை எடுத்துக்காட்டி, ‘வள்ளுவரே கைவிட்டார்’ என்று முடித்துவிடுவர். நண்பர்களே, அடுத்த குறளையும் படியுங்கள். குடியாத வேளையில் அதே மனிதன் பிறனொருவன் மயங்கிக் கிடப்பதைக் காணும்போது தன் நிலையை எண்ணிப் பார்க்கமாட்டானா என்று வள்ளுவர் கேட்கிறார். பேசவேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. எப்போது பேசவேண்டும், யார் சிந்திக்கவேண்டும் என்று காட்டுகிறார். மயக்கத்தில் பேசாதே, தெளிந்த வேளையில் அவனே தன்னைக் காணும்படி செய். உலகம் இன்று ஆலோசனைக் கலை என்று போற்றுவதன் சாரம் அந்த இரு குறள்களில் அடங்கியிருக்கிறது. நாம் முதலதை மட்டும் மனப்பாடம் செய்தோம்.

என் பிழை

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளியில் நான் மாணவர் நலப் பொறுப்பில் இருந்தேன். ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் பள்ளி வேலியோரக் கால்வாயில் நெகிழிப் பையில் பசை முகர்ந்துகொண்டிருந்தான். காதைப் பிடித்து இழுத்துவந்தேன். மறுநாள் சபைகூடலில் எல்லோர் முன்பும் மூன்று அடி. அத்தோடு விட்டேனா? அவன் பள்ளிக் காற்பந்துக் குழுவின் கோல் காவலன். ‘இவனுக்கு ஆட்டம் ஒரு கேடா?’ என்று குழுவிலிருந்தும் நீக்கினேன். தாய் வந்து, “ஐயா, அத மட்டும் எடுத்துடாதீங்க. அதுக்காகத்தான் ஸ்கூலுக்கே வர்றான்” என்று கைகூப்பினார். “மொதல்ல பிள்ளைய ஒழுங்கா வளங்கம்மா” என்று சொல்லி அனுப்பினேன். இரண்டு வாரத்தில் அவன் பள்ளிக்கு வருவதை நிறுத்திக்கொண்டான். நான் வீட்டுக்குப் போய்ப் பார்க்கவில்லை. பெயர்ப் பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே கோடு விழுந்தது.

தந்தை சம்சுவுக்கு அடிமை என்பதும், இரவில் அடிக்கு அஞ்சிப் பையன் வீட்டுக்கு வெளியே உறங்குவான் என்பதும், பசையை முகர்ந்தால் பசி தெரியாது என்று எவனோ சொல்லிக் கொடுத்ததும் எல்லாம் எனக்குப் பிற்பாடு பிறர் சொல்லித் தெரிந்தவை. அவனைக் கேட்டிருந்தால் அன்றே தெரிந்திருக்கும். ஏழெட்டு ஆண்டுகள் கழித்து ஈப்போச் சந்தையில் காய்கறி மூட்டை சுமந்துகொண்டிருந்தவன் என்னை அடையாளம் கண்டு, மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, “வணக்கம் ஐயா” என்றான். பற்கள் சிதைந்திருந்தன, கை நடுங்கியது. கோபமாக ஏதும் சொல்லவில்லை. “நம்ம ஸ்கூல் திடல்ல அந்தக் கோல் கம்பம் இன்னும் இருக்கா ஐயா?” என்று கேட்டான். இருக்கிறது என்றேன். அதற்குமேல் எனக்குப் பேச வாய் வரவில்லை. அவன் பள்ளியோடு கட்டப்பட்டிருந்த ஒரே கயிறு அது. ஒழுக்கத்தின் பேரால் அதை அறுத்தவன் நான்.

கேட்கத் தெரிந்தவனே ஆலோசகன்

ஆலோசனை என்பதை அறிவுரை என்று பொருள் கொண்டதே நம் அடிப்படைத் தவறு. அறிவுரையில் ஆசிரியன் பேசுகிறான். ஆலோசனையில் மாணவன் பேசுகிறான். அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983இல் குடிநோயாளிகளுக்கென எழுதி, பின்னர் 1991இல் ஸ்டீபன் ரோல்னிக்கோடு சேர்ந்து நூலாக விரித்த ஊக்க நேர்காணல் முறை இதனைத் தெளிவாக்குகிறது. அடிமைப்பட்டவனுக்குள் விடவேண்டும் என்ற எண்ணமும் விடமுடியாது என்ற எண்ணமும் ஒருங்கே இருக்கின்றன. ‘விடு, விடு’ என்று நாம் ஒரு பக்கத்தை எடுத்துக்கொண்டு அடித்துப் பேசினால், அவன் மறுபக்கத்தை எடுத்துக்கொண்டு வாதாடுவான். நாம் கேள்வி கேட்டுப் பொறுத்திருந்தால், விடவேண்டிய காரணத்தை அவன் வாயாலேயே சொல்லுவான். தன் வாயால் சொன்னதே ஒருவனைக் கட்டுப்படுத்தும்.

அச்சுறுத்தும் பிரசங்கத்தின் பயன் என்ன என்பதற்கும் சான்று உண்டு. 1983இல் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் காவலர்கள் வகுப்புக்கு வந்து போதைக்கு எதிராகப் பாடம் நடத்தும் ‘டேர்’ என்னும் திட்டம் தொடங்கிற்று. அமெரிக்கா முழுதும் பரவிற்று. பின்னர் நடந்த ஆய்வுகள், அப்பாடத்தைக் கேட்ட மாணவருக்கும் கேளாத மாணவருக்கும் போதைப் பழக்கத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை எனக் கண்டன. அவ்வளவு பெரிய நாடு பெரும்பணம் செலவிட்டுக் கற்ற பாடத்தை நாம் ஒரு பதாகையும் ஒரு பொன்னாடையும் கொண்டு மறுபடி கற்கவேண்டுமா?

நடைமுறை கேட்பீர்கள். முதலில், பிடிபட்ட செய்தி மூவருக்கு மேல் தெரியக்கூடாது. சபைகூடலில் பெயர் சொன்ன கணமே அவன் அந்தப் பெயருக்கே உரியவன் ஆகிவிடுகிறான். இரண்டாவது, தெளிந்த நிலையில், தனியறையில், மேசைக்கு எதிரே உட்காராமல் பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள். ‘ஏன் செய்தாய்?’ என்பது விசாரணைக் கேள்வி. ‘அது உனக்கு என்ன கொடுக்கிறது? எந்த நேரத்தில் அதிகம் தேடுகிறாய்?’ என்பன வாயைத் திறக்கும் கேள்விகள். மூன்றாவது, வீட்டுக்குப் போங்கள். குற்றப்பத்திரிகை வாசிக்க அன்று, அந்த வீட்டில் மாலையில் யார் இருக்கிறார் என்று பார்க்க. நான்காவது, தடுக்கி விழுவான் என்று எதிர்பாருங்கள். விழுந்த நாளில் கதவைச் சாத்தாதீர்கள். ஐந்தாவது, நம் எல்லையை அறிவோம். உடல் அடிமைப்பட்டுவிட்டால், அல்லது வீட்டில் கொடுமை இருந்தால், அது நம்மால் மட்டும் தீராது. அரசு மருந்தகம், தேசியப் போதைப்பொருள் எதிர்ப்பு நிறுவனம், 15999 என்ற உதவி எண் ஆகியன இருக்கின்றன.

இங்கே பேராக் மக்களாகிய நமக்கு ஒரு தனித் தடை உண்டு. தஞ்சோங் ரம்புத்தானில் 1911இல் தொடங்கிய மனநல மருத்துவமனை நம் மாநிலத்தில் இருக்கிறது. அந்த ஊரின் பெயரையே நாம் வசைச்சொல் ஆக்கிவைத்திருக்கிறோம். வகுப்பில் ஒருவன் உளறினால், ‘தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பவா?’ என்று சிரிக்கும் ஆசிரியர் இன்றும் இருக்கிறார். பிறகு ஒரு தாயிடம், ‘பிள்ளையை மனநல மருத்துவரிடம் காட்டுங்கள்’ என்றால் அவர் எப்படிக் காட்டுவார்? சிகிச்சைக்குச் செல்லும் பாதையில் நம் நாவே முள்வேலி போட்டிருக்கிறது.

இப்போதைய என் பள்ளியில் ஈராண்டுக்கு முன் ஒரு மாணவனிடம் மின்சிகரெட்டு அகப்பட்டது. பாட்டியோடு வளர்பவன். நானும் ஓர் ஆசிரியையும் எட்டு மாதம், வாரம் ஒருநாள், பள்ளி முடிந்து அரை மணி அவனோடு உட்கார்ந்தோம். பாதி நாள் அவன் பேசவே இல்லை. இரண்டு முறை மறுபடியும் பிடிபட்டான். பள்ளித் தோட்டத்துக்கு நீர் பாய்ச்சும் பொறுப்பை அவனிடமிருந்து நாங்கள் எடுக்கவில்லை. இன்று இடைநிலைப்பள்ளியில் இருக்கிறான். முற்றாக விட்டுவிட்டானா என்றால், உறுதி கூறமாட்டேன். பள்ளிக்குப் போகிறான்; வெள்ளிக்கிழமை மாலையில் சில வேளை என்னைப் பார்க்க வருகிறான். முப்பது ஆண்டு அனுபவத்தில் இதனை நான் வெற்றி என்றே எண்ணுகிறேன்.

பள்ளிவேலிக்கு அப்பால்

ஒரு பள்ளி மட்டும் இதனைச் செய்துவிட முடியாது என்பது உண்மை. ஊர் முழுதும் திரண்டால் என்ன ஆகும் என்பதை ஐஸ்லாந்து என்னும் சின்னஞ்சிறு நாடு காட்டியது. 1998இல் அங்கே 15, 16 வயதினரில் 42 விழுக்காட்டினர் முந்தைய மாதத்தில் குடித்து மயங்கியிருந்தனர். 2016இல் 5 விழுக்காட்டினரே. சொற்பொழிவுகளால் வந்த மாற்றமன்று. மாலை நேரத்தில் விளையாட்டும் இசையும் கற்கக் குடும்பங்களுக்கு நகராட்சி பணம் கொடுத்தது. இரவில் பிள்ளைகள் வெளியே திரிவதற்கு வரம்பு வைத்தார்கள். பெற்றோர் ஒருவரோடொருவர் உடன்படிக்கை செய்துகொண்டார்கள். நம் லயத்தில் பத்து அத்தைமார் செய்த வேலையை அங்கே திட்டமிட்டுச் செய்தார்கள்.

நம் இனத்திலேயே முன்மாதிரி உண்டு. குடிநோயால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் அம்மையார், சென்னையில் 1980இல் டி. டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளையை நிறுவினார். குடி ஒரு நோய், குடும்பத்துக்கும் சிகிச்சை வேண்டும் என்பது அதன் கொள்கை. மஞ்சக்குடி போன்ற சிற்றூர்களுக்கே சென்று முகாமிட்டு, ஊராரையும் துணைக்கு வைத்துக்கொண்டு சிகிச்சை அளித்தனர். தஞ்சை மண்ணில் முடிந்தது கிந்தா மண்ணில் முடியாதா?

ஆதலின் இவற்றைக் கேட்கிறேன். நம் மாநிலத்தில் நூற்று முப்பதுக்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. பலவற்றில் மாணவர் எண்ணிக்கை குறைவு. முழுநேர ஆலோசனை ஆசிரியர் கிடையாது. அண்டைப் பள்ளிகள் சேர்ந்து ஓர் ஆலோசகரைப் பகிர்ந்துகொள்ள ஏற்பாடு வேண்டும். பன்னிரண்டு வயதில் நம்மை விட்டுப் பிரியும் மாணவன், புகுமுக வகுப்பிலோ முதற் படிவத்திலோ, ஆயிரம் பேர் படிக்கும் புதிய பள்ளியில், பழகாத மொழிச் சூழலில் தனியனாக நிற்கிறான். பலர் சறுக்குவது அந்த ஓராண்டில்தான். ஆறாம் ஆண்டோடு நம் கடமை முடிந்தது என்னாமல், அந்த முதலாண்டில் ஒவ்வொரு மாணவனையும் ஒருமுறையாவது நேரில் கண்டு வருவோம். மாலையில் பள்ளித் திடலைப் பூட்டாதிருப்போம். பெற்றோர் ஆசிரியர் சங்கம் முறைவைத்துக் காவல் இருக்கட்டும். 2017 டிசம்பர் முதல் இருபத்தொரு வயதுக்குட்பட்டோருக்கு மது விற்பது குற்றம். ஆனால் பிள்ளையின் பிறந்தநாள் விருந்திலேயே பின்கட்டில் புட்டி திறக்கிறோம். பனிக்கட்டி வாங்கிவரப் பிறந்தநாள் பிள்ளையையே அனுப்புகிறோம். கோயில் குழுவினரும் சங்கத்தாரும் இதனை நிறுத்தவேண்டும். ஆசிரியராகிய நாமும் அவ்விருந்தில் நாற்காலி போட்டு உட்காராதிருக்கவேண்டும்.

ஆசிரியப் பயிற்சியில் இருக்கும் இளையோரே, உங்களுக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். இலக்கணம் கற்பிக்கவும் தேர்வுக்குத் தயார் செய்யவும் உங்களுக்குச் சொல்லித்தருவார்கள். ஒரு பையனின் வாயில் வீச்சம் அடிக்கும்போது என்ன செய்வதென்று பாடநூலில் இராது. அந்த நேரத்தில் உங்கள் கை பிரம்பைத் தேடும்; வாய் பிரசங்கத்தைத் தேடும். இரண்டையும் அடக்கிக்கொண்டு, ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு, “உட்காரு தம்பி. காலையில ஏதும் சாப்பிட்டியா?” என்று கேளுங்கள். நான் கேட்கத் தவறிய கேள்வி அது. கள்ளுக்கடை வாசலில் அடிபட்ட நம் முன்னோர் பிள்ளைகளுக்குப் பள்ளி கேட்டார்கள், பள்ளி கிடைத்தது. அதன் வாசலை, வழுக்கி விழுந்த பிள்ளைக்கும் திறந்து வைப்பது நம் தலைமுறையின் கடன்.